ஊசி இறங்காத மண்

செருப்பை வேலிக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்ததற்கு நன்றி, சார். இன்ஸ்பெக்டர்கள் பெரும்பாலும் பூட்ஸோடுதான் நுழைவார்கள். நீங்கள் வாசல் பலகையைப் படித்திருக்கிறீர்கள். உட்காருங்கள். சாமைக் கஞ்சி இருக்கிறது. வேண்டாமா, சரி.

எழுதிக்கொள்ளும் ஏட்டையாவுக்குத் தோதாக நான் நிதானமாகவே சொல்கிறேன். இனிமேல் அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லையே.

என் பெயர் தெரசா. சொந்த ஊர் கீழே ராசிபுரம் பக்கம். இந்தக் கொல்லிமலையில் அரசாங்க நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். குண்டனி நாடு என்கிற இந்த மலையூர்களில் என் கையால் ஊசி போட்டுக்கொள்ளாத பிள்ளை இருந்தால் அது நான் ஓய்வு பெற்ற பிறகு பிறந்த பிள்ளையாக இருக்கும். ஓய்வுக்குப் பிறகு இந்தத் தோட்டத்தைப் போட்டேன். பயிருக்கு ரசாயன உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. மனிதர்களுக்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. மண்ணை மிதிப்பவர்கள் வெறுங்காலோடு மிதிக்க வேண்டும். ஊசி போட்ட நர்ஸே ஊசியைத் துறந்துவிட்டாள் என்று ஒரு பத்திரிகையில் படத்தோடு வந்தது. அதற்குப் பிறகுதான் தன்னார்வலர்கள் வர ஆரம்பித்தார்கள்.

அவர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். சென்னை, பெங்களூர் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். மலை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்வார்கள். முதல் நாள் ஒரு பிடி மண்ணை மூக்கருகே வைத்து அழுவார்கள். இரண்டாம் நாள், "ஆன்ட்டி, வெந்நீர் கிடைக்குமா?" மூன்றாம் நாள், "ஆன்ட்டி, இந்தக் களை எடுக்கிறதுக்கு மிஷின் இல்லையா?" சாணியை ஒரு தடவை தொட்டுவிட்டால் போதும், பூமியையே தாங்கிவிட்டது போல் ஒரு முகம். களை என்று நினைத்து என் சாமைப் பயிரைப் பிடுங்கிவிட்டு அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. நான் சிரித்துக்கொள்வேன். ஆனாலும் வேலை நடந்தது.

ராதிகா அவர்களைவிட ஒரு மாற்றுக் குறைவான முட்டாள். முப்பது தாண்டியவள். பேங்க் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுடைய அம்மா புற்றுநோயில் போய்ச் சேர்ந்ததிலிருந்து விஷமில்லாமல் வாழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வந்த அன்றே வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, "ஆன்ட்டி, உங்க மண்ணுக்கு என் ஷூ மேல அப்படி என்ன கோவம்?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஷூவைக் கழற்ற வைத்தேன்.

வடக்கு வேலியில் பழைய முள்கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. அதைப் பிடுங்கப் போனோம், நானும் அவளும். கம்பி துள்ளியது. என் மணிக்கட்டில் ஒரு கீறல். அவள் பின்வாங்கியபோது தரையில் கிடந்த துண்டு குதிகாலில் ஏறிவிட்டது. ஆழமாகத்தான் ஏறியிருந்தது.

"கடைசியா எப்ப டெட்டனஸ் தடுப்பூசி போட்டே?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"அஞ்சாம் கிளாஸ்ல ஸ்கூல்ல போட்டாங்க. அதுக்கப்புறம் ஞாபகம் இல்ல ஆன்ட்டி. இப்ப போடணுமா?"

"தேவையில்லை. மண்ணே மருந்து."

"நீங்களே சொன்னா சரிதான். நர்ஸுக்குத் தெரியாததா?"

மஞ்சளும் சாணியும் குழைத்துக் காயத்தில் அப்பினேன். பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணி வைக்காதீர்கள், தாடை பூட்டிச் செத்துவிடும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவள் நான்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. மறுநாள் உப்பு வாங்க நான் பஸ் ஏறிக் கீழே போய்விட்டு வந்தேன். "நானும் வரட்டுமா?" என்றாள். "காலை ஊன்றக் கூடாது, படு" என்றேன்.

மேலேயே ஆஸ்பத்திரி இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கிறது. என் இடத்துக்கு வந்திருக்கும் நர்ஸ் ஜெனிபர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். சந்தையில் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்க சிஸ்டர், உங்க தோட்டத்துல இன்னும் ஒருத்தருக்கும் ஊசி தேவைப்படலீங்களா?" என்பாள். நாலு பேர் காதில் விழும்படிதான் கேட்பாள். அவளிடம் போய் என் ஆளின் குதிகாலை நீட்டச் சொல்கிறீர்களா?

ஒரு வாரம் போனது. ராதிகாவால் களி உருண்டையை வாய்க்குள் வைக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டே பேசினாள். மற்ற தன்னார்வலர்களை, சில நாள் தங்கிவிட்டு வாருங்கள் என்று, அன்றைக்கே புளியஞ்சோலைக்கு ஓடை பார்க்க அனுப்பிவைத்தேன். ஓடை என்றால் உடனே கிளம்பிவிடுவார்கள்.

மிஞ்சியது மாதம்மாள், இங்கே வேலை செய்கிறவள். உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான் என்று தெரியும். கோபம் இல்லை.

"சிஸ்டர், புள்ளை வாய் தொறக்க மாட்டேங்குதுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாமுங்க."

"கழுத்துப் பிடிப்பு. ஒத்தடம் கொடு."

"கழுத்துப் பிடிச்சா மூஞ்சி சிரிக்கிற மாதிரியாங்க இருக்கும்?"

அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள். அந்தச் சிரிப்பை நான் நிறையக் குழந்தைகள் முகத்தில் பார்த்திருக்கிறேன். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீ வர வேண்டாம், ஊட்டுல இரு" என்று அனுப்பிவிட்டேன். போகும்போது, "சாமி, பத்திரமா இரு கண்ணு" என்று அந்தப் பெண்ணின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். ராதிகாவின் கண் மட்டும் அவள் பின்னாலேயே வாசல்வரை போனது.

ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. இந்தத் தோட்டத்தைப் பார்த்து ஊர் ஊராக இதே மாதிரி தொடங்கப் போகிறார்கள். தலைவர் மோகன்ராஜ், கதர் ஜிப்பா, இனிமையான மனிதர். இப்படி ஒரு நாளில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

இந்த நோய்க்காரர்களுக்கு வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. ஒரு பாத்திரம் விழுந்தால் போதும், உடம்பு வில்லாக வளைந்துவிடும். அதனால் பின்னறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டேன். சேவலைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்தேன். பராமரிப்பில் நான் குறை வைக்கவில்லை. அவள் பல்லுக்கு நடுவில், "ஆன்ட்டி, ஆஸ்பத்திரி" என்று மட்டும் சொன்னாள். "இன்று பஸ் ஓடவில்லை" என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்துக்கும் அவள் உடம்பு வளைந்தது.

குழு வந்ததும் ஒரு நிபந்தனை போட்டேன். "இங்கே யாரும் பேசக் கூடாது. மண்ணைக் கேளுங்கள்." நம்புவீர்களா? படித்தவர்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள், வெறுங்காலோடு வரிசையாக நடந்தார்கள். ஒரு அம்மாள் மாட்டுத் தொட்டி அருகே நின்று கண்ணீர் விட்டாள். அதில் கழுநீர்தான் இருந்தது. மோகன்ராஜ் பின்னறையைக் காட்டி, உள்ளே என்ன என்று சைகையில் கேட்டார்.

"விதை தூங்குகிறது" என்று காதருகே சொன்னேன். "வெளிச்சம் படக் கூடாது."

கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

புறப்படும் நேரத்தில்தான் எனக்கு ஒன்று தவறிவிட்டது. "இந்த மாதிரி அமைதியை நான் எங்கேயும் கேட்டதில்லைம்மா" என்றார் மோகன்ராஜ். எல்லாரும் ஒன்றாகக் கைதட்டினார்கள். பேச வேண்டாம் என்று சொன்ன நான், கைதட்ட வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். தட்டினார்கள், தட்டினார்கள், நிறுத்தவே இல்லை. பின்னறையில் கட்டில் கால் தரையில் இடிக்கிற சத்தம் கேட்டது.

"என்னம்மா அது?"

"கன்றுக்குட்டி முட்டுகிறது."

வேன் வளைவில் மறையும்வரை கையசைத்துவிட்டு உள்ளே போனேன். அவள் முதுகு கட்டிலைத் தொடவில்லை. தலையும் குதிகாலும்தான் தொட்டன. மூச்சு இல்லை. குதிகாலில் என் மஞ்சள் அப்படியே ஒட்டியிருந்தது.

தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுத வேண்டாம், ஏட்டையா. கம்பி ஏறிய அன்றைக்கே தெரியும். ஊசி போட்டிருந்தால் இந்நேரம் அவள் வடக்கு வேலியில் நின்று என்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பாள். தெரிந்துதான் படுக்க வைத்தேன். நான்தான் கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் ரொம்ப நேரமாக என் மணிக்கட்டையே பார்க்கிறீர்கள், சார். ஆமாம், அதே கம்பிதான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உப்பு வாங்கப் போன அன்றைக்குச் சேந்தமங்கலத்தில் என்னை யாருக்கும் தெரியாத ஒரு டாக்டரிடம் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். நல்ல ஊசி. கைகூட வீங்கவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தத் தோட்டத்தை யார் பார்த்துக்கொள்வது?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மலையை விட்டுக் கீழே இறங்கித்தான் போட்டுக்கொண்டேன். இந்தத் தோட்டத்து மண்ணில் இன்றுவரை ஒரு ஊசி இறங்கியதில்லை. அந்தச் சொல்லை நான் காப்பாற்றிவிட்டேன்.