கணவாய் செத்ததத் தின்னாது

இல்ல ஐயா, ராவையில வெளிச்சத்துக்கு மட்டும் வாற சாமான் இல்ல கணவாய். பகல்லயும் இந்தக் கல்லுப் பாருக்கு மேல நிக்கும். தோணியில அசையாம கொஞ்சம் பொறுங்க, தண்ணி தெளியட்டும். அந்தா, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில. ஊசிக்கணவாய். சாணளவும் இல்ல, கண்ணாடி மாதிரி. கீழ நிக்கிறது பொட்டை, அதுக்கு மேல நிழலா நிக்கிறது ஆண். இன்னொரு ஆண் கிட்ட வந்தா நீங்க பாக்கணும். இந்த ஆணுக்குப் பொட்டை நிக்கிற பக்கத்து ஒடம்பு மண்ணிறமாவே இரிக்கும், வந்தவன்ட பக்கம் மட்டும் வெளிறிப் போகும். ஒரே நேரத்தில.

முட்டையா? கல்லுக்கு அடியில, வெள்ளையா, கொத்துக் கொத்தா, சின்னப்புள்ளட விரல் மாதிரி. இட்டு முடிய பொட்டை மெலிஞ்சி செத்துப் போகும். குஞ்சு பொரிக்கிறதக் காணாது.

ஓம், வலைகாரனுக்கு இதெல்லாம் தெரியா. வலையில பட்டா அள்ளி விக்கிறதோட சரி. நான் முக்குளிச்சிப் பாத்த. நாப்பது நாள்.

ஜெமீலத் தேடி. என்ட தம்பி. போன வருசம், ஐம்பத்தெட்டு சித்திரையில, இந்தப் பாருலதான் தண்ணிக்க மூழ்கி மோசம் போனான். மையித்துக் கிடைக்கல்ல, ஒடம்பே கரைக்கு வரல்ல. நாலு நாள் தேடிப்போட்டு ஊரு விட்டுட்டு. மையித்து இல்லாமலே பள்ளி லெப்பை கடைசித் தொழுகை தொழுவிச்சார். நான் மட்டும் வந்து வந்து இறங்கின. ஒரு நாள் கல்லிடுக்கில கறுப்பா ஒண்டு நிண்டிச்சி. அவன் உடுத்த சாரத்துத் துண்டு எண்டு பாய்ஞ்சி புடிச்சா, கையில ஒண்டுமில்ல. கணவாய் கக்கின மை.

அண்டைக்கு ஊட்ட போக உம்மா மெல்லக் கேட்டா, மனே, கணவாய் செத்ததத் தின்னுமா எண்டு. அவன் போன நாளையில இரிந்து எங்கட சட்டியில மீன் வேகல்ல. மறுகாக் கிழமை முழுக்க அது என்ன தின்னுது எண்டே பாத்த. இறால், நெத்தலி, உயிரோட ஓடுறதத்தான் புடிச்சிச்சி. செத்த மீன் ஒண்ட நானே போட்டுப் பாத்த, கிட்டவும் வரல்ல. தின்னாது உம்மா எண்டு சொன்ன. முக்காட்டால மொகத்த மூடிட்டு அழுதா. அடுத்த நாள் கணவாய்க் கறி ஆக்கினா.

செத்தத நண்டு தின்னும். அத அவ கேக்கல்ல, நானும் சொல்லல்ல.

அலையா? ஓம், அவன அலை இழுத்திட்டு எண்டுதான் ஊருல சொல்றாங்க. நான் சொன்னதத்தானே சொல்றாங்க. அண்டைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்திச்சி, ஐயா. நங்கூரம் கல்லுக்க சிக்கிட்டு. முக்குளிச்சி எடுத்து விடுடா எண்ட. மூத்தவன் எண்டு என்னக் காக்கா எண்டுதான் கூப்பிடுவான். காதுக்க குத்துது காக்கா, எனக்கு ஏலா எண்டான். நான் ஏசின. பொம்புளயா நீ எண்டு கேட்ட. நங்கூரக் கயிறப் புடிச்சிட்டு இறங்கினான். கொஞ்சத்தில கயிறு இளகிச்சி. இழுத்த. நங்கூரம் வந்திச்சி. அவன் வரல்ல.

தோணி ஒதுங்குது. கால ஒருக்கா எடுங்க ஐயா, நங்கூரத்தப் போட.

ஓம். அதே நங்கூரந்தான்.