கைத்தட்டலுக்கு நடுவே நின்ற இதயம்

விழாத் தலைவர், நம் உடற்பயிற்சிக் கூடத்தை நடத்தும் சபாபதி ஐயா அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையார்பாளையத்துப் பெரியவர்களே, பெற்ற பிள்ளைக்கும் மற்ற பிள்ளைக்கும் சேர்த்தே விசிலடிக்கக் காத்திருக்கும் தாய்மார்களே, திரைக்குப் பின்னால் உடம்பெல்லாம் நிறம் பூசி நிற்கும் தம்பிகளே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

"சத்தமா பேசும்மா சங்கீதா! பின்னால ஒண்ணும் கேக்கல!"

மெதுவாகப் பேசியே பழகிவிட்டேன் ஐயா. மைக்கைக் கிட்டே இழுத்துக்கொள்கிறேன்.

என் அண்ணன் தேவேந்திரன் பெயரால் இந்த ஆணழகன் போட்டியில் இன்று ஒரு கோப்பை தருகிறீர்கள். அதை வென்றவர் கையில் கொடுக்கத்தான் என்னை அழைத்தீர்கள். நன்றி சொல்லி நாலு வார்த்தை எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் மேடையேறும் முன் திரைக்குப் பின்னால் கிருஷ்ணவேணி அக்காவின் மகன் அஜித்தைப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. "தண்ணி குடிச்சியாடா?" என்றேன். "விரதம்கா" என்று கண்ணடித்தான். கையைப் பிடித்துப் பார்த்தேன். இந்தப் புழுக்கத்தில் அது சில்லென்றிருந்தது. எழுதியதை மடித்து வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை இந்த மேடையில் ஏறக்கூடாது. அதற்காகத்தான் இப்போது பேசுகிறேன்.

விரதம்! அந்தச் சொல்லுக்கு நம் தெருவில் எத்தனை மதிப்பு! விரதக்காரரிடம் யாராவது கேள்வி கேட்போமா? சாப்பிடு என்று வற்புறுத்துவோமா? போன வருடம் என் அண்ணன் உப்பை விட்டான். பிறகு சோற்றை விட்டான். போட்டி நெருங்கியபோது தண்ணீரையும் விட்டான். தோலுக்கும் தசைக்கும் நடுவே சொட்டு நீர் இருக்கக்கூடாதாம், அப்போதுதான் நரம்பு தெரியுமாம். யாரோ ஒரு பயிற்சியாளர் போனிலேயே சொல்லிக்கொடுத்தது. தசை வளர்க்கும் ஊசியும் அவர் சொன்னதுதான், நீர் பிரியும் மாத்திரையும் அவர் சொன்னதுதான்.

அது ஆடிக் கிருத்திகை சமயம். குமரகோட்டத்து முருகனுக்குக் காவடி எடுக்கத்தான் விரதம் இருக்கிறான் என்று எங்கள் அம்மா தையல்நாயகி நினைத்துவிட்டாள். அண்ணன் மறுக்கவில்லை. மறுத்தால் சோறு போட்டுவிடுவாளே!

கிருத்திகையன்று அவன் காவடியோடு தெருவில் நடந்தபோது பார்த்தீர்களா? முகம் ஒடுங்கிவிட்டது. தோல் காகிதமாகிவிட்டது. கழுத்து நரம்பு ஒவ்வொன்றும் தனித்தனியே உயிரோடிருப்பதுபோல் துடித்தது. வாசலுக்கு வாசல் பெண்கள் மஞ்சள் நீர்க் குடத்தோடு வந்து அவன் காலில் ஊற்றினார்கள். "முருகனே நடந்து வரா மாதிரி இருக்குதுமா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அவன் காலைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தேன். கால் விரலிடுக்கில் நீர் ஓட ஓட, அவன் தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. குடம் குடமாகக் காலில் ஊற்றினோம். ஒரு வாய் தண்ணீர் அவன் உதட்டில் படவில்லை.

மறுநாள் இதே மைதானம். இதே விளக்கு. பாட்டு முடியும்போது இரு கைகளையும் தூக்கி முறுக்கி, சிரித்துக்கொண்டு நின்றான். நீங்கள் தட்டினீர்கள். பாட்டு முடிந்தது. கை இறங்கவில்லை. சிரிப்பு மாறவில்லை. "யப்பா, சிலையாட்டம் நிக்கிறான் பாருடா!" என்று யாரோ கத்தினார்கள். இன்னும் தட்டினீர்கள். அது நிற்பதல்ல ஐயா! தசை பூட்டிக்கொண்டுவிட்டது. விரலைக்கூட அவனால் பிரிக்க முடியவில்லை. கண் மட்டும் அசைந்தது. வலப்பக்கம் போயிற்று, இடப்பக்கம் போயிற்று, கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து நின்றது. நான் எழுந்தேன். அவன் விழுந்தான். விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கைத்தட்டல் கேட்டது.

"விதிம்மா, என்னா பண்றது?"

அங்கே யாரோ சொல்கிறீர்கள். விதியா? அவன் இதயமும் ஒரு தசைதான், ஊசியில் அதுவும் வீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ரத்தத்தில் உப்புகள் நிலைகுலைந்தன, இதயம் தாளம் தப்பியது. ஊரே மெச்சிய உடம்புக்குள் எவரும் காணாத ஒரு தசை நின்றுபோனது. வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டினோம். பூசியிருந்த நிறம் ஊற்ற ஊற்ற ஓடிக்கொண்டே இருந்தது. நூலுக்குச் சாயம் போடுகிற குடும்பம் எங்களுடையது. தண்ணீர் தெளியும்வரை அலசித்தான் பழக்கம். அம்மா நிறுத்த மாட்டேன் என்றாள். "இன்னும் போகல, இன்னும் போகல" என்று தேய்த்தாள். அடியில் இருந்தது எங்கள் தேவேந்திரனே அல்ல. யாரோ ஒரு கிழவனின் முகம்.

உடற்பயிற்சி வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லவே இல்லை! கோயிலில் வாகனம் தூக்குகிறவர்களைப் பாருங்கள். தோளில் மரம் அழுத்தும், தோள் மாற்றிக்கொள்கிறார்கள். தாகமெடுக்கும், மோர் வாங்கிக் குடிக்கிறார்கள். களைத்தவர் விலகுகிறார், அடுத்தவர் நுழைகிறார். அவர்கள் வயிற்றில் கட்டங்கள் தெரியுமா? தெரியாது. ஆனால் வீதி சுற்றி வந்து வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பார்கள்! எடை தூக்குங்கள், ஓடுங்கள், உண்ணுங்கள், உறங்குங்கள். உடம்பு உழைக்கத்தான், உலர்த்துவதற்கல்ல.

அம்மாமார்களே, உங்கள் பிள்ளை விரதம் என்றால் இனி ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தச் சாமிக்குடா? கிருஷ்ணவேணி அக்கா, உங்கள் பிள்ளை எந்தச் சாமிக்கு இருக்கிறான் என்று தெரியுமா?

"ஐயோ, ஆடி வெள்ளிக்குன்னு சொன்னானேமா! டேய் அஜித்து!"

அஜித், வெளியே வாப்பா. யாரும் திட்ட மாட்டோம். வா.

"அக்கா... வெரலு மடங்க மாட்டேங்குதுக்கா. நெஞ்சு என்னமோ பண்ணுது."

வாய்விட்டுச் சொன்னாயே, அதுவே போதும்டா. தயவுசெய்து யாரும் தட்டாதீர்கள்! இரண்டு பேர் தாங்கி உட்காரவையுங்கள். அவசரப்பட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் கொடுக்காதீர்கள், ரத்தத்து உப்பு இன்னும் குலைந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்தைப் பார்த்து, டிரிப் ஏற்றட்டும். என்ன மாத்திரை போட்டாய் என்று ஒளிக்காமல் சொல்லிவிடு, சரியா?

"போட்டி கெடக்குது, புள்ள முக்கியம்! ஆட்டோவ உள்ள உடுங்கபா!" என்கிறார் தலைவர் ஐயா. உங்கள் வாயால் அது வந்ததற்குக் கும்பிடுகிறேன் ஐயா. திரைக்குப் பின்னால் இருக்கிற தம்பிகளே, தாகத்தோடு இருப்பவர்கள் எல்லோரும் இவனோடு கிளம்புங்கள்.

இத்தனை நேரம் என் சின்னக் குரலுக்குச் செவிகொடுத்தீர்கள், நன்றி. நாற்காலிகளை நகர்த்துங்கள், நடுவே வழிவிடுங்கள். நானும் வண்டியில் ஏறுகிறேன். வணக்கம்.