உரியாத பேர்

மயிலிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் உட்கார்ந்ததுமே சொன்னாள்:

“அக்கா, என்ரை பேர் இன்னும் உரியேல்லை!”

“எங்கையடி உன்ரை பேர்?”

“எங்கடை மீன்பிடி போட்டிலை. வலப்பக்கம் என்ரை பேர், இடப்பக்கம் இவரின்ரை தமக்கையின்ரை பேர்.”

“ஆர் எழுதினது?”

“ஒரே ஸ்பிரே டின்தான். தமக்கையின்ரை பேரை இவர் அடிச்சார், என்ரையை நான் அடிச்சன். மெல்லிசா அடிச்சு, காயவிட்டு, திருப்பி அடிச்சு, மேலை உரியாமலிருக்க நிறமில்லாத கிளியர் பூச்சும் அடிச்சன். கிளியர் வெறும் தண்ணி, கடைக்காரன் உன்னை ஏமாத்திப்போட்டான் எண்டு இவர் சிரிச்சவர்.”

“பிறகு?”

“வாடைக்காத்து, மழை, உப்புத்தண்ணி, வெயில் எல்லாம் கண்டாச்சு. ‘ராஜி’ மினுங்குது. ‘கமலா’விலை ‘லா’ மட்டும்தான் மிச்சம்.”

மூத்தவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“கமலா பாத்தவவோ?”

“நேற்றுக் கரைக்கு வந்து பாத்தவ. அடிக்கிற ஆளைப் பொறுத்துத்தான், மச்சாள், பேர் நிக்கும் எண்டன்.”

“உன்ரை மனுசன் இப்ப என்ன சொல்லுறார்?”

“சிரிப்பெல்லாம் நிண்டுபோச்சு. தமக்கையின்ரை பேரைத் திருப்பி எழுதவேணுமாம். கிளியர் ஒரு டின் வாங்கிவா எண்டு என்னைத்தான் யாழ்ப்பாணம் ரவுனுக்கு அனுப்பியிருக்கிறார்.”

“வாங்கப்போறியோ?”

“கடையிலை கிளியர் முடிஞ்சுபோச்சு அக்கா.”

“பஸ் இன்னும் ரவுனுக்கே போகேல்லையேடி!”

“ஓம். நான் போகேக்கை முடிஞ்சுதான் இருக்கும்.”