ஸ்டென்பெர்க்கைப் பனி ஏரியிலிருந்து அழைத்து வந்தது பற்றி

என் பெயர் டுவேன் லிண்ட்வால், வயது 61, தகப்பனார் பெயர் ஐனார். எல்ம் தெரு, பதினான்காம் எண் வீட்டில் குடியிருந்துகொண்டு மாநிலச் சட்டமன்றத்தில் வாயிற்காவலராக வேலை செய்து வருகிறேன். உறுப்பினர் ஆர்வில் ஸ்டென்பெர்க் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் அவரைப் பலவந்தமாகக் கடத்தி வந்து ஓட்டுப் போட வைத்தேன், ஆகவே அந்த ஓட்டு செல்லாது என்பது முழுப் பொய்.

உறுப்பினர் மாரிட் ஸ்கோக்லண்ட் அம்மாவை அவர் முதலில் ஜெயித்து வந்த நாள் முதல் அறிவேன். ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துவதை அவர் மறைத்ததில்லை. அப்படி வாழ்கிறவர்களை, ஆணானாலும் பெண்ணானாலும், அதற்காக வேலையிலிருந்தோ வாடகை வீட்டிலிருந்தோ விரட்டக் கூடாது என்ற மசோதாவைப் பதினெட்டு வருஷமாகக் கொண்டுவந்து தோற்றார். ஆரம்பத்தில் அவர் காபி குடிக்கும் மேசையில் யாரும் உட்கார மாட்டார்கள். இதற்கிடையில் பெண்களுக்குச் சம கூலி, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு என்று மற்றதையெல்லாம் நிறைவேற்றிவிட்டார். அவரைத் தோற்கடித்தவர்களின் பிள்ளைகளும் அந்த உணவைத்தான் சாப்பிட்டார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

சென்ற செவ்வாய்க்கிழமை அந்த மசோதாவுக்கு ஒரே ஓட்டு குறைந்தது. ஆதரிப்பதாகச் சொல்லியிருந்த ஸ்டென்பெர்க்கைக் காணவில்லை. அதன் பிறகு சபாநாயகர் மன்றக் கதவுகளைப் பூட்டி, வராதவரை அழைத்துவர உத்தரவிட்டார். இது எங்கள் மன்ற வழக்கம். ஸ்டென்பெர்க் மன்றத்துக்கு வராவிட்டால் மீன் பிடிக்கத்தான் போவார் என்பது எனக்குத் தெரியுமாதலால் நேரே ஏரிக்குப் போனேன். உறைந்த ஏரிமேல், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்களின் குடில்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. குடிலின் வெளிப்புறம் சொந்தக்காரர் பெயரைப் பெரிதாக எழுத வேண்டும் என்ற சட்டத்தை முன்மொழிந்தவரே ஸ்டென்பெர்க்தான். அவர் பெயர் சிவப்பில் பளிச்சென்று இருந்தது. கதவைத் தட்டினேன்.

உள்ளேயிருந்து, "நான் இங்க இல்லன்னு சொல்லிடுப்பா" என்றார்.

அதன் பிறகு கதவைத் திறந்து, சர்ச்சுக்காரர்கள் அடுத்த தேர்தலில் தம்மை ஒழித்துக்கட்டிவிடுவார்கள் என்று புலம்பினார். ஸ்கோக்லண்ட் அம்மா சொல்லியனுப்பியதை அப்படியே சொன்னேன்: "எதிர்த்தே போடட்டும். ஆனா என் முகத்தப் பாத்துட்டுப் போடச் சொல்லு."

அவர் தூண்டிலைச் சுருட்டினார். அதன் பிறகு, பிடித்த இரண்டு மீனையும் செய்தித்தாளில் சுற்றும்வரை பொறுக்கச் சொன்னார். பொறுத்தேன். பனி வழுக்கியதால் அவர் கையைப் பிடித்தது உண்மை.

மன்றத்துக்குள் வந்ததும் அவர் அம்மாவின் இருக்கைக்குப் போய் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு தம் இடத்தில் உட்கார்ந்து, ஆதரவுக்கான பச்சைப் பொத்தானை அழுத்தினார். அப்போது அவர் பக்கத்தில் யாரும் இல்லை. மசோதா நிறைவேறியது. பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்கள் எழுந்து சந்தோஷத்தில் கத்தினார்கள். அவர்களை அடக்குவது என் வேலை. அன்றைக்கு நான் அந்த வேலையைச் செய்யவில்லை, செய்ய மனம் வரவில்லை.

அதன் பிறகு ஸ்டென்பெர்க் மீன் பொட்டலத்தை அம்மாவின் மேசைமேல் வைத்து, "ஒங்க வீட்டுக்காரம்மாட்ட குடுத்து வெண்ணெயில பொரிக்கச் சொல்லுங்க" என்றார். அந்த மன்றத்துக்குள் ஒருவர் அம்மாவின் துணைவியை அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. எந்த நீதிமன்றத்தில் கேட்டாலும் இதையே சொல்வேன்.

(ஒப்பம்) டுவேன் லிண்ட்வால்