கட்டைச்சுவரை உடைத்தவருக்கும் வணக்கம்

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் மாதவராஜ் அவர்களே! தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி தௌபிக் அவர்களே! தர்மபுரி மாவட்டத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் கொத்தனார்களே, சித்தாள்களே, பெயிண்டர்களே! கையில் ரோஜா மாலையோடு வந்து இந்த மேடையில் இடம்பிடித்திருக்கும் கல்யாண மண்டப உரிமையாளர் சென்னப்பன் அவர்களே! உங்களுக்கும் என் வணக்கம். வராமல் போய்விடுவீர்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். வந்துவிட்டீர்கள். ரொம்ப நல்லது. நான் பேசி முடிக்கும்வரை எழுந்து போய்விடாதீர்கள்.

நமது சங்கத்தின் துணைத்தலைவர், மொட்டை மாடி ஒழுகல் என்றால் ஊரே தேடி ஓடிய சர்தார் மேஸ்திரி இன்று நம்மோடு இல்லை. எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை அடக்கமானவர் என்றார்கள். சர்தார் அண்ணனா அடக்கம்? யாரிடம் கதை விடுகிறீர்கள்! நான் கட்டினது ஒழுகாது, ஒழுகினால் என் மீசையை எடுத்துக்கொள் என்று டீக்கடையில் நின்று சத்தம் போட்டவர் அவர். அவரோடு கலவை கலந்து, வலை ஒட்டி, திட்டு வாங்கியே வேலை கற்றவள் இந்த ரோசம்மாள். கோபக்காரர். வாய்க்காரர். ஆனால் அந்த வாய் பேசியதை அவர் கை செய்து காட்டியது! அதை இங்கே யாராவது மறுக்க முடியுமா?

தொழில் தெரியாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். சமையல்கட்டுப் புகை வெளியே போக மேல்தளத்தில் ஓட்டை போடுவார்கள். அந்த ஓட்டையைச் சுற்றி ஒரு அடி உயரத்துக்குக் கட்டைச்சுவர் எழுப்ப வேண்டும். அதன்மேல்தான் புகைக்குழாய் உட்காரும். தளத்தைக் கொத்தி, தூசி போகக் கழுவி, சிமெண்ட் பால் ஊற்றி, கம்பியோடு பிணைத்துக் கான்கிரீட் போடுவார் அண்ணன். சுவரும் தளமும் சேருகிற மூலையைக் கூர்மையாக விடமாட்டார், வளைத்துப் பூசுவார். ஒழுகலைத் தடுக்கும் பூச்சுக்கு நடுவே நார்வலை வைத்து, அதைச் சுவரின் உச்சிவரை ஏற்றுவார். அங்கே ஒரு விரற்கடை குறைந்தாலும் என் மேல் பூச்சுக்கரண்டி பறந்து வரும்.

முடித்ததும் என்ன செய்வார்? மாடித் தண்ணீர் போகும் வழிகளை அடைத்து, தளம் முழுக்கத் தண்ணீரைத் தேக்கிவிட்டுக் கீழே வருவார். அந்த ஓட்டைக்கு நேர் கீழே பாயை விரித்து, வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்து, பிரியாணி சாப்பிடுவார். தட்டில் ஒரு சொட்டு விழுந்தால் கூலி வேண்டாம் என்பார். அவர் வேலை செய்த ஒவ்வொரு கட்டடத்திலும் இந்த விருந்து நடந்தது. பாப்பாரப்பட்டி சாலையில் உங்கள் மண்டபத்திலும் நடந்ததே, சென்னப்பன் அவர்களே! நீங்களும் உட்கார்ந்தீர்கள். இரண்டு தட்டு சாப்பிட்டீர்கள். பரிமாறியவள் நான். ஒரு சொட்டு விழுந்ததா? சொல்லுங்கள், விழுந்ததா? இந்தக் கூட்டம் கேட்கட்டும்!

விழவில்லை. பல மழைக்காலம் போயும் விழவில்லை. பிறகு உங்களுக்கு ஆசை வந்தது. சமையல்கட்டைப் பின்பக்கம் தள்ளிவிட்டு, மொட்டை மாடியில் மேசை போட்டுப் பந்தி நடத்த நினைத்தீர்கள். கட்டைச்சுவர் மேசைக்கு இடைஞ்சலாக இருந்தது. உடைத்தீர்கள். உடைத்த கை யாருடையது? அதோ, தூணோரம் நிற்கிறாரே வத்தல்மலை மாதேஸ், அவருடையது. இன்று காலையில் என்னோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"குழாயப் புடுங்கி, சுவத்த இடிக்கச் சொன்னாருங்க. இடிச்சுட்டு, ஓட்டைய என்னங்க பண்றதுன்னு கேட்டேங்க. 'பழைய கல்யாண ஃப்ளெக்ஸ் கெடக்குது பாரு, அத விரிச்சுக் கல்லு வெச்சுட்டுப் போடா, அப்பறம் பாத்துக்கலாம்'னாருங்க. நானும் விரிச்சுட்டு வந்துட்டேங்க."

கேட்டீர்களா? கான்கிரீட்டை எடுத்துவிட்டு ஃப்ளெக்ஸ்! மணமக்கள் சிரித்துக்கொண்டிருக்கும் ஃப்ளெக்ஸ்! முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே கொட்டியது. கொட்டாமல் என்ன செய்யும்? உடனே அண்ணனுக்குப் போன் போட்டீர்கள். உடைத்ததைச் சொன்னீர்களா? இல்லை. "ஏன் பாய், உன் வேலை ஒழுகுதே, வந்து பாக்க மாட்டியா?" என்றீர்கள். அப்போது நாங்கள் தொப்பூரில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். என் காதால் கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என் வேல ஒழுகுதாமா? நீ சாப்புடு ரோசம்மா, நா ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்" என்று இலையை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

மாடியில் அவர் எதைத் தேடியிருப்பார்? தான் கட்டிய சுவரைத்தான் தேடியிருப்பார். இருந்திருந்தால் காலில் இடித்திருக்கும்! கட்டைச்சுவர் மழையை மட்டுமா தடுக்கிறது? மனிதனையும் தடுக்கிறதே! அது இல்லை. மழைத்தண்ணீர் தேங்கிய ஃப்ளெக்ஸ்தான் இருந்தது. ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் விரித்திருப்பார்கள் என்று நம்பிக் கால் வைத்தார். பழைய சமையல்கட்டின் கருங்கல் மேடையில் வந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அதோடு விட்டீர்களா? மேஸ்திரிதான் ஓட்டையை மூடாமல் விட்டார், அவர் வேலையே அவரைக் கொன்றது என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். அப்பன் வேலையே ஒழுகிச்சாம் என்று தௌபிக்குக்குப் பேசிவைத்த வேலையெல்லாம் கைமாறிப் போகிறது. அண்ணனின் மனைவி அஸ்கரி பேகம் அண்ணி, கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருக்கிறார், இங்கே வர முடியாது. நேற்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு போனது அல்லா நாட்டம், ரோசம்மா. அவரு வேல ஒழுகுச்சுன்னு சொல்றாங்களே, அதத்தாம்மா என்னால தாங்க முடியல" என்று அழுதார். அந்த அழுகையைக் கேட்டுவிட்டு நான் இங்கே வந்து மன்னிப்பைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்தீர்களா? மாட்டேன்! எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும்!

அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுத்துக்கொண்டு கலைவதுதான் வழக்கம். தொடர்வோம்! தௌபிக் எடுக்கும் ஒவ்வொரு வேலையிலும் நாங்கள் தோள் கொடுப்போம். ஆனால் ஒரே ஒரு கூரையில் மட்டும் தொடரமாட்டோம். சென்னப்பன் அவர்களே, உங்கள் மண்டபத்துக்கு இந்த மாவட்டத்தில் ஒரு கொத்தனார் வரமாட்டார். ஒரு சித்தாள் சட்டி தூக்கமாட்டாள். நேற்று சங்கத்தில் எல்லோரும் கை தூக்கி முடிவெடுத்துவிட்டோம். சேலத்திலும் ஓசூரிலும் உள்ள சங்கங்களுக்கும் சொல்லியாயிற்று. வழக்கு அதன் வழியில் நடக்கட்டும். ஐப்பசி வரட்டும். அடைமழை பிடிக்கட்டும். சமையல்கட்டு ஒழுகல் மணமேடைவரை பரவி, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் தண்ணீர் சொட்டட்டும். தாலி கட்டுகிற நேரத்தில் குடை பிடித்துக்கொண்டு நில்லுங்கள்! எந்த மேஸ்திரியின் வேலை ஒழுகுகிறது என்று பெண் வீட்டார் கேட்பார்கள். அப்போது யார் பெயரைச் சொல்வீர்கள்?

இனி மௌன அஞ்சலி. சர்தார் மேஸ்திரிக்காக எல்லோரும் எழுந்து நிற்கப் போகிறோம். சென்னப்பன் அவர்களே, நீங்களும் நிற்கலாம். அதற்கு முன்னால் இந்த மைக்குக்கு வந்து, உடைக்கச் சொன்னது நான்தான் என்று தௌபிக்கின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடியாதா? அப்படியானால் மாலையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருங்கள். எங்கள் அண்ணனுக்காக நீங்கள் எழக்கூடாது.

தோழர்களே, எழுந்திருங்கள்.