ஒத்த ஸ்டார் கடை

"மழ பேஞ்சா போனுக்குத் தெரியுமா அக்கா?" என்று ஒரு குழந்தை ஒரு முறை மஞ்சுவிடம் கேட்டது. காணிப்பாக்கம் போகிற வழியில் டிபனுக்கு நின்ற கார்க்காரர்களின் குழந்தை. மஞ்சு சிரித்துவிட்டு, அதன் தட்டில் இன்னொரு வடையை வைத்தாள்.

இன்று சாயங்காலம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நகரியிலிருந்து கார்வேட்டிநகரம் போகும் குறுக்குச் சாலையில், தரைப்பாலத்தைத் தாண்டியதும் அவள் கடை. மதியத்திலிருந்து விடாத மழை. பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டது. அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஹலோ... ஆ, மஞ்சு டிபன் சென்டர்தாங்க... ஆமா, ஆமா, தொறந்துதான் கீது... தோசை கீது சார், பொங்கல் இல்ல... பெரியவங்க மூணு, கொழந்த ஒண்ணு. சரி. எங்கேர்ந்து வர்றீங்க?... நகரி தாண்டிட்டீங்களா? எந்த ரோட்ல?... மேப்பு சொல்லிச்சா?... சார், சார், ஒரு நிமிசம். ரைட்ல திரும்பிட்டீங்களா?... ஐயோ, தேவுடா."

அவள் தோசைத் திருப்பியைக் கல்லின் ஓரத்தில் வைத்தாள்.

"சார், இந்தப் பக்கம் வராதீங்க. அப்பிடியே ஓரமா நிறுத்துங்க... கடை கீதுங்க, நான் இல்லன்னு சொல்லல. நான் இந்தக் கரையில கீறேன், நீங்க அந்தக் கரையில வந்துகினு கீறீங்க. நடுவுல தரப்பாலம். அது மேல தண்ணி போய்க்கினு கீது... மேப்புல நீலமா காட்டுதா? காட்டும் சார், காட்டும். ட்ராபிக்கே இல்லன்னுதான் காட்டும். எப்பிடி இருக்கும்? போறவன் எவனும் இல்லியே!... ம்... ம்... உங்க போனு இன்னா, ரெயின்கோட்டு மாட்டிக்கினு எறங்கிப் பாத்துட்டு வந்துச்சா?... கோச்சிக்காதீங்க சார். பதட்டத்துல வாய்ல வருது."

அக்கரையில், வேலிகாத்தான் புதர்களுக்குப் பின்னால் இரண்டு வெளிச்சம் எட்டிப் பார்த்தது. நிற்கவில்லை. சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது.

"உங்க லைட்டு தெரியுது சார். இன்னும் நிறுத்தலியே நீங்க... இன்னாது?... ரிவ்யூவா? யாரு படிக்கிறது, உங்க வூட்டம்மாவா?... ஆமா. ஒத்த ஸ்டாரு. தெரியும். 'ரோடு போவாதுன்னு பொய் சொல்லி நிக்க வச்சி தோசை விக்கிறாங்க'ன்னு போட்டுகீது இல்ல?... என் கடைதான். நான்தான். இல்லன்னு சொல்லலியே."

ஒரு வருஷமாக அந்த ஒற்றை நட்சத்திரம் அவள் கடைப் பெயரின் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சு தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டபின் போனை எடுத்து ஒரு தரம் பார்ப்பாள். அழிந்திருக்காது என்று தெரிந்தும் பார்ப்பாள்.

"கேளுங்க சார். அன்னிக்கு அத எழுதுனவரு இந்தக் கரையில வந்தாரு. தண்ணி ஏறிகினு இருந்துச்சி. போவாதீங்கன்னேன். திட்டிகினே உக்காந்து ரெண்டு தோசை துன்னாரு. அதுக்குள்ள மழ வுட்டுடுச்சி, தண்ணி வடிஞ்சிடுச்சி. எதிர்ல ஒருத்தன் பைக்குல வந்துட்டான். அவ்ளோதான். நான் பொய்க்காரி ஆயிட்டேன்... இல்ல சார், அவுரு மேல கோவம் இல்ல. நல்லபடியா ஊருக்குப் போய்ச் சேந்ததாலதான எழுதுனாரு? அது போதும்... உங்க பேரு இன்னா?... பிரபாகர் சார், வண்டிய நிறுத்துங்க. சாமி சத்தியமா சொல்றேன்."

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் கீழே வந்தது.

"போர்டு தெரியுதா? என் போர்டா? பக்கத்துலதான் கீதுன்னு... ஐயையோ."

மஞ்சு ஓடிப்போய்க் கடை வாசலில் இருந்த சுவிட்சைத் தட்டினாள். சிவப்பும் பச்சையுமாக மினுக்கிக்கொண்டிருந்த போர்டு அணைந்தது. உள்ளே எரிந்த குழல்விளக்கையும் அணைத்தாள். இருட்டு கட்டிக்கொண்டு வந்த அந்த வேளையில், இக்கரையில் கண்ணுக்குப் பிடிப்பாக எதுவும் இல்லாமல் போயிற்று.

"அணைச்சிட்டேன் சார். அந்த லைட்ட பாத்துகினு வராதீங்க... கரண்டு போவல, நான்தான் அணைச்சேன். பாருங்க, இப்ப முன்னாடி இன்னா தெரியுது?... ரோடா? ரோட்டோரத்துல வெள்ளையடிச்ச கல்லு தெரியணும், ரெண்டு பக்கமும். தெரியுதா?... ம். நல்லா பாத்து சொல்லுங்க... தெரியல இல்ல? அந்தக் கல்லு முழங்கால் ஒசரம் சார்."

"ம்... ஆமா... ஆமா... இப்ப ஒண்ணு செய்ங்க சார். பாட்ட நிறுத்துங்க. ஏசிய நிறுத்துங்க. கண்ணாடிய எறக்குங்க... நனையட்டும் சார், துணிதான... எறக்கியாச்சா?... கேக்குதா?... மழ சத்தம் இல்ல அது. மழ மேலேர்ந்து கேக்கும். இது கீழேர்ந்து கேக்குது."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். காரின் வெளிச்சத்தில் ஆறு பழுப்பாகக் குறுக்கே ஓடியது. வேரோடு பிடுங்கிய புங்கமரம் ஒன்று அந்த வெளிச்சத்துக்குள் வந்து, ஒரு முறை புரண்டு, வெளிச்சத்தை விட்டுப் போயிற்று.

"பாத்தீங்களா?... பாத்தீங்களா சார்?... அது யாரு அழுவுறது, பாப்பாவா? பயப்படாத கண்ணு... மேப்பா? 'நேராகப் போகவும்'னு சொல்லிகினே கெடக்கும் அது. மொதல்ல அத வாய மூட வைங்க. ரிவர்ஸ் போடுங்க. வண்டிய இங்க திருப்பாதீங்க, எடம் இல்ல, ரெண்டு பக்கமும் பள்ளம். அப்பிடியே பின்னாலயே போங்க. உங்க வூட்டம்மாவ எறங்கி டார்ச்சு காட்டச் சொல்லுங்க... இன்னா?"

அவள் குரல் திடீரென்று தணிந்தது.

"அம்மா, நீங்களா பேசுறீங்க?... நம்பிக்கை இல்லியா. சரிம்மா. தண்ணி கம்மிதான், நான் பொய் சொல்லி உங்கள நிக்க வக்கிறேன், அப்புறம் எவனாவது வந்து வழி மறிச்சிக் காசு கேப்பான், கூட்டுக்களவு, அப்பிடித்தான?... தப்பில்ல. போன்ல எதத்தான் நம்புறது இந்தக் காலத்துல. ஆனா இங்க வந்தாலும் துன்ன ஒண்ணும் இல்லம்மா. அடுப்ப அணைச்சிட்டேன்."

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாது என்று மஞ்சு குனிந்து குமிழைத் திருகினாள். நீலச்சுடர் செத்தது.

"பின்னாலயே போனீங்கன்னா மேட்டுல ஒரு கூட்ரோடு வரும். புளியமரத்தடில ஒரு கடை, குண்டு பல்பு எரியும். நாகபூஷணம் ஓட்டல். அங்க போயி துன்னுங்க. இட்லி சுடச்சுட இருக்கும். கொழந்தைக்குப் பாலு கேட்டா காய்ச்சிக் குடுப்பாரு... என் ஆளா? இல்லம்மா! எங்க வூட்டுக்காரருக்குப் பங்காளி. நாங்க பேசிக்கிறதே இல்ல. ஒரு செவுத்துத் தகராறு. அவுரு கடைக்கு ஆளு அனுப்பி எனக்கு இன்னா வரப்போவுது, சொல்லுங்க?... ம்... ம்... ஆமாம்மா. ராவு அங்கியே தங்கிடுங்க. காணிப்பாக்கத்துப் புள்ளையாரு நாளைக்கும் அங்கதான் கீறாரு. எங்கியும் போவ மாட்டாரு."

அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, மஞ்சுவின் தோள் இறங்கியது.

"சரிம்மா... சரி... நல்லா யோசிச்சீங்க. டார்ச்சு எடுத்துக்குங்க. பாத்து எறங்குங்க, வழுக்கும்... ஒண்ணே ஒண்ணு. நான் அனுப்புனேன்னு அவுருகிட்ட சொல்லாதீங்க... சும்மாதான். என் பேரே எடுக்காதீங்க. வழில வந்தோம், பசிச்சிது, நின்னோம்னு சொல்லுங்க... காரணம் இருக்கும்மா. அது இன்னான்னா, போன வெள்ளத்துல—ஹலோ?... ஹலோ?..."

லைன் போய்விட்டது. திரும்ப அழைத்தாள். கிடைக்கவில்லை.

சொல்ல வந்தது இவ்வளவுதான். போன வெள்ளத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த அவள் மகள் தரணி அந்தக் கரையில் மாட்டிக்கொண்டாள். நாகபூஷணம் அவளைத் தன் வீட்டில் வைத்து, சோறு போட்டு, நனைந்த புத்தகங்களை அடுப்பங்கரையில் விரித்துக் காயவைத்தார். காலையில் தண்ணீர் வடிந்ததும் பாலத்தின் பாதி வரை கைபிடித்துக் கூட்டி வந்தார். இந்தப் பக்கம் மஞ்சு நிற்பதைப் பார்த்து அங்கேயே நின்று, பெண்ணை மட்டும் அனுப்பிவிட்டுத் திரும்பி நடந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இவளும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நகரிச் சந்தையில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் மஞ்சுவின் தலைதான் முதலில் குனியும். தன் பேர் தெரிந்தால் அது கடன் தீர்த்த கணக்காகிவிடும் என்று அவளுக்குப் பட்டது.

அக்கரையில் இரண்டு வெளிச்சமும் அசையாமல் நின்றன. தண்ணீரின் இரைச்சல் கடை வாசலுக்கு வந்துவிட்டதுபோல் கேட்டது. மஞ்சுவின் உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு ஒரு சின்ன டார்ச் வெளிச்சம் இறங்கிப் பின்னால் நடந்தது. கார் ஓர் அடி பின்வாங்கியது. இன்னோர் அடி. புதர்களுக்குள் மறைந்து, வெகுநேரம் கழித்து மேட்டின் மேல் தெரிந்தது. குண்டு பல்பின் பக்கத்தில் போய் நின்றது.

இந்தப் பக்கமிருந்தும் எந்த வண்டியும் பாலத்தில் இறங்கிவிடாதபடி, மஞ்சு இருட்டுக்குள்ளேயே கடை பெஞ்சை இழுத்துக்கொண்டுபோய்ச் சாலையின் குறுக்கே போட்டாள். மழையில் நனைந்தபடி, மேட்டைப் பார்த்து ஒரு முறை கைகூப்பினாள். பார்க்க அங்கே யாரும் இல்லை.