மூன்றாம் தொட்டியின் தகடு

காபி நன்றாக இருக்கிறது, விசாரணை அதிகாரி ஐயா. எங்கள் டுலூத் ஏரித் துறைமுகத்தில் இப்படிக் கிடைக்காது.

வியாழன்தோறும் டோய்வோ வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் மூவரும் விண்கப்பல் விளையாட்டு ஆடுவோம். மேசை, பகடை, காகிதம், அவ்வளவுதான். டோய்வோ கதையை நடத்துவான். அர்விட் கேப்டன், நான் பொறியாளர். எங்கள் கப்பலுக்குத் தொண்ணூறு வயது. அந்நியக் கோள்களின் அமிலக் காற்று அதன் தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு முறை நான் இரண்டு பகடைகளை உருட்டுவேன். கூட்டுத்தொகை எட்டோ அதற்கு மேலோ என்றால் தகடு நலம்.

"துருப்பிடிச்சவனே, சீக்கிரம் உருட்டித் தொலைடா. வெளிய கொள்ளைக்காரன் நிக்கிறான்," என்பான் அர்விட். நான் அவசரப்பட மாட்டேன்.

என் பிழைப்பும் அதுதான். இரும்புத்தாது ஏற்றும் ஏரிக்கப்பல்களின் தகடுகளை அளந்து கையெழுத்துப் போடுவது. அதற்குக் கப்பலின் அடியில் இருக்கும் நீர்த்தொட்டிகளுக்குள் தவழ வேண்டும். எனக்கு முழங்கால் போய்விட்டது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு தொட்டியின் வாயிலேயே உட்கார்ந்து சட்டைப்பையைத் தடவினேன். பகடை இருந்தது. உருட்டினேன், பதினொன்று விழுந்தது. உள்ளே போகாமலே கையெழுத்துப் போட்டேன். அந்தக் கப்பல் ஒழுங்காகப் போய் வந்தது.

பிறகு எல்லாக் கப்பல்களையும் அப்படித்தான் பார்த்தேன். எட்டுக்குக் குறைந்தால் தகட்டை மாற்றச் சொல்வேன். நல்ல தகட்டையே மாற்றியவர்களும் உண்டு. யாரும் குறை சொன்னதில்லை.

அர்விட் நிஜத்தில் லெம்பி என்ற தாதுக் கப்பலில் மாலுமி. மார்ச் மாதம் மேசையில் கேட்டான்: "மூணாம் தொட்டியில தட்டினா சத்தம் சரியில்லடா. உள்ள போய்ப் பாத்தியா?"

"பாத்தாச்சு. நல்லா இருக்கு."

"அதானே. கற்பனைக் கப்பலுக்கே எங்க உயிர வாங்குறவன், நெசக் கப்பல சும்மா விடுவியா?" என்று சிரித்தான்.

எனக்கு உறுத்தியது. மறுநாள் காலை பகடையைக் கையில்கூட எடுத்தேன். ஆனால் ஒரே பயணத்துக்கு இரண்டு முறை உருட்டக் கூடாது. விதி விதிதான். திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரலில் லெம்பி மூன்றாம் தொட்டியில் இரண்டாகப் பிளந்தது. இருபத்திரண்டு பேர் போய்விட்டார்கள். அர்விட் இன்னும் கிடைக்கவில்லை. நான் அழுதேன், அதை மறைக்கவில்லை.

கொன்றவன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஏமாற்றியவன் என்று மட்டும் எழுதாதீர்கள். லெம்பிக்கு ஒன்பது விழுந்தது. ஐந்து விழுந்திருந்தால் அர்விட்டை நானே கரையில் நிறுத்தியிருப்பேன்.